உரித்த இடம்

டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் உப்பியிருந்தது. காலையில் வழவழவென்று இருந்த காகிதத்தில், ‘அம்மா’ என்று அவன் எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, பட்டாணி அளவுக்கு ஒரு கொப்புளம். கட்டைவிரலால் அழுத்தினான். அது அடங்கவில்லை, நகர்ந்து எழுத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. தொட்டால் லேசான சூடு. இப்போதுதானே பிளேயரிலிருந்து எடுத்தோம், சூடு இருக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஆபீஸில் அவனுக்கு ‘மிச்சம்’ என்று பேர். கஞ்சத்தனத்தில் கரைகண்ட மனுஷன். மனைவி நோயில் படுத்திருந்தபோது, மகள் குட்டிக்காகக் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசியதெல்லாம் இந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தது. அவள் போன கையோடு கேமராவை விற்றாயிற்று. இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாமே என்று வீடியோ கடைக்காரர் கேட்டதற்கு, ஒன்று போதாதா என்று திருப்பிக் கேட்ட புண்ணியவான் இவன். குட்டியோ, பொழுது சாய்ந்ததும் அம்மா பேசுவதைக் கேட்டால்தான் சாப்பிடுவாள், தூங்குவாள். அந்தக் குரலும் இல்லாமல் போனால் பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

டிஸ்க்கைக் கொடுத்த அன்றே கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“மேல எதையும் ஒட்டாதீங்க சார். வெள்ளிப் பூச்சு மேல்பக்கந்தான் இருக்கு, வெங்காயத் தோல் மாதிரி, படமும் குரலும் அதுலதான். பால்பாயிண்ட் பேனாவும் வேணாம், கீறிடும். மெத்துனு முனை இருக்கிற மார்க்கரால நடு ஓட்டையைச் சுத்திக் கண்ணாடி மாதிரி இருக்கிற வளையத்துல பேரை மட்டும் எழுதுங்க. மத்ததெல்லாம் உறை மேல எழுதிக்கலாம். பெரிய செலவே இல்ல.”

செலவே இல்லைதான். ஆனால் மார்க்கரைக் காசு கொடுத்தல்லவா வாங்க வேண்டும்? ஆபீஸில் ஃபைலுக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் ஓசியில் கிடைத்தது. ஒன்றைக் கொண்டுவந்து அழுத்தி ஒட்டிவிட்டான்.

இன்றைக்குப் போட்டதும் பிளேயருக்குள் டொக், டொக் என்று ஏதோ தட்டியது. கதவை உள்ளேயிருந்து விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி, அவசரமே இல்லாத தட்டல். படம் திக்கியது. குட்டி முகம் வாடி உள்ளறைக்குப் போய்விட்டாள். அவன் கடைக்காரருக்குப் போன் போட்டான். உரிக்க மட்டும் உரிக்காதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள், முடிந்தவரை பிரதி எடுத்துத் தருகிறேன், கொஞ்சம் செலவாகும் என்றார் அவர். பார்க்கலாம் என்று வைத்துவிட்டான். ஒரு ஸ்டிக்கரை உரிக்கக் கூலியா?

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பசையின் புளித்த வாடைக்கு அடியில் இன்னொரு வாடையும் வந்தது, அவள் படுத்திருந்த அறையில் கடைசி மாதம் முழுக்க இருந்த மருந்து வாடை. நகத்தை ஓரத்தில் கொடுத்து மெல்ல இழுத்தான். காகிதம் ஈரமாய் முனகிக்கொண்டு வந்தது. முழுசாக வந்தது. அதன் பின்பக்கம் பளபளவென்று வெள்ளி. டிஸ்க்கைத் தூக்கிப் பிடித்தால், உரித்த இடத்தின் வழியாக டியூப்லைட் தெரிந்தது.

ஸ்டிக்கரை மேசையில் வைத்துவிட்டு டிஸ்க்கைத் திரும்பப் போட்டான்.

ஓடியது.

அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அதே நைட்டி, அதே தலையணை. பேசிக்கொண்டிருந்தாள், கன்னம் அசைந்தது. சத்தம் இல்லை. வாயும் இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் பின்னாலிருந்த தலையணையின் பூப்போட்ட துணி தெரிந்தது. அவள் கையைத் தூக்கி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். இன்னொரு தடவை தடவினாள். பிறகு கேமராவை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

டிவியை அணைத்தான். ஸ்டிக்கரை எடுத்து உடனே திரும்ப ஒட்டிவிட வேண்டும் என்று மேசைப் பக்கம் திரும்பினான்.

மேசை காலி.

உள்ளறை வாசலில் குட்டி நின்றாள். வாய்மேல் ஸ்டிக்கர். ‘அம்மா’ என்ற எழுத்து அவனைப் பார்த்தபடி. கண் இரண்டும் சிரித்தன, அவள் விளையாடுகிறாள்.

“குட்டி, அதைத் தொடாதே. அப்பா எடுத்து விடறேன்.”

காகிதம் உப்பியது. அடங்கியது. அதற்குப் பின்னாலிருந்து வந்தது பிள்ளையின் குரல் இல்லை.

“அம்மா வந்துட்டேன் கண்ணு. அப்பா உரிச்சாரில்ல, அதே மாதிரி நீயும் உரி.”

அம்மா சொல்லைக் குட்டி தட்டவே மாட்டாள். பிஞ்சு நகம் ஓரத்தைத் தேடியது. அவன் பாய்ந்தான். நாற்காலி தடுக்கியது. விழுந்தான். காதில் அந்த ஈர முனகல்.

நிமிர்ந்தான்.

குட்டியின் கண்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தன. மூக்குக்குக் கீழே ஒன்றும் இல்லை. பின்சுவரின் ஸ்விட்ச் போர்டு தெரிந்தது, சிவப்பு விளக்கோடு.

அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் வெள்ளிப் பக்கம் மேலே இருக்க, ஸ்டிக்கர் துடித்தது.

“அப்பா,” என்றது அது, குட்டியின் குரலில். “திரும்ப ஒட்டி விடுப்பா.”