நடுநிலைக்காரரின் அங்கத்துவ அட்டை

ஹட்டன் நகரச் சட்டத்தரணி வினோதாவின் அலுவலகத்துக்குள் காளியாயி நுழைந்தபோது அவள் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"கூட்டமா வந்து தடுத்த என்னையும் அடிச்சு, எம் புருசன் தாடைய ஒடச்சு பொலிஸ்ல குடுத்துட்டாங்கம்மா. அவரு வெட்டலம்மா, சத்தியமா வெட்டல!"

செய்தி ஊருக்கே தெரியும். 'எந்தக் கட்சிக்கும் நான் ஆளில்லை' என்று யூடியூப்பில் ஆறு வருடம் அரசியல் பேசிய கணேசமூர்த்தி, தலவாக்கலை வீட்டில் முந்தின நாள் மாலை கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பக்கத்தில் காளியாயியின் கணவன் அழகன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி. பிணத்தின் வாய்க்குள், உதடு கிழியத் திணித்த குடைக் கட்சி அங்கத்துவ அட்டை. அதில் கணேசமூர்த்தியின் பெயரும் படமும் இருந்தன. அட பாவி மனுசா, இதுவா உன் நடுநிலை!

"போன வாரம் கூட்டத்துல அழகன் அவர 'ஏணிக் கட்சிக் கைக்கூலி'ன்னு கத்தினானே. கோவத்துல வெட்டியிருப்பான் மிஸ்" என்றான் ஷிஹாம். வினோதாவின் ஆட்டோக்காரன், துப்பறிய அவனுக்கு அப்படியொரு ஆசை.

"அவசரப்படாதீங்க ஷிஹாம். கத்தி எங்க இருந்துச்சு காளியாயி?"

"எங்க லயத்து வீட்டு இஸ்தோப்புல, வாசத் திண்ணையிலதாம்மா தொங்கும். யாரு வேணும்னாலும் எடுக்கலாம்."

தலவாக்கலை வீட்டில் வினோதா ரத்தம் உறைந்த முன்னறையைத் தாண்டி, சமையலறைக் கதவைத் திறந்து, பின்னாலிருந்த நாலாம் நம்பர் தேயிலை மலையைப் பார்த்தாள். காளியாயியைக் கூட்டிக்கொண்டு நேரே பொலிஸுக்குப் போனாள்.

அங்கே சாட்சியாக உட்கார்ந்திருந்தான் கிஷாந்த், கணேசமூர்த்தியின் கமராக்காரன். இரண்டு மாதம் கொழும்பில் இருந்துவிட்டுக் கொலை நடந்த அன்றுதான் திரும்பியவன்.

"நா உள்ள வரும்போது அழகன் பின்பக்கமா ஓடினான். தேயிலைக்குள்ள குனிஞ்சு மறைஞ்சிட்டான்."

"எந்த மலையில?"

"வீட்டுக்குப் பின்னாடி, நாலாம் நம்பர்லதாங்க."

வினோதா பொறுப்பதிகாரியிடம் திரும்பினாள். "போன வாரம் அந்த மலையைக் கவ்வாத்து வெட்டிட்டாங்க சேர். முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் குச்சிதான் நிக்குது. ஒரு கோழி கூட ஒளிய முடியாது. அந்த மலைய வெட்டினதே அழகன்தான். கொழும்புல இருந்தவருக்கு அது தெரியல."

கிஷாந்த் கதிரையை விட்டு எழுந்தான்.

"கணேசமூர்த்திய அழகன் நெனச்சது ஏணிக் கட்சின்னு. குடைக் கட்சி அட்டை அவன் கையில கெடச்சிருந்தா, காலையில பெரட்டுல வேலைக்குக் கூடுற அத்தன பேருக்கும் தூக்கிக் காட்டியிருப்பான். வாய்க்குள்ள திணிக்க மாட்டான். கணேசமூர்த்தியோட மேசையத் தொறந்து பழகினது நீங்கதான் கிஷாந்த்."

"குடைக் கட்சிக்காரங்கதான் என் தம்பியோட கண்ணக் குத்தினாங்க" என்று கிஷாந்த் வெடித்து அழுதான். "அதப் பத்தி 'ரெண்டு பக்கமும் தப்பு'ன்னு அந்தாளு பேசினான். நடுநிலைன்னு நம்பி நாந்தான் கமரா புடிச்சேன்! நேத்து மேசையில அந்த அட்டையப் பாத்தேன். அழகனோட லயத்துக்குப் போய்க் கத்தியத் தூக்கிட்டு வந்தேன். வாயத் தொறக்கச் சொல்லித் திணிச்சுட்டுத்தான் அறுத்தேன்."

பொறுப்பதிகாரி அழகனை அடைத்திருந்த கூண்டின் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். காளியாயி கிஷாந்தின் சட்டையைப் பிடித்தாள்.

"ஒன் தம்பிக்குச் செஞ்சது அநியாயம்தான்டா. எம் புருசன் என்னடா செஞ்சாரு?"

கிஷாந்த் தலைகுனிந்தான். "அவருதான் எல்லாரும் பாக்கக் கத்தினாரு, கொழும்புல வீடியோவுல நானும் பாத்தேன். சொன்னா ஊரு நம்பும்னு தெரியும்."

கதவு திறந்தது. அழகன் வெளியே வந்து ஏதோ சொல்லப் பார்த்தான். உடைந்த தாடையிலிருந்து ரத்தம்தான் வந்தது.