பாதி மூச்சு

காரின் ஏசி துளையிலிருந்து கிராம்பு மணம் வந்தது.

முதல் நாள் சத்தியதாஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய காரில் எலி செத்தாலும் மணக்கும், குழாய் வெந்தாலும் மணக்கும். இரண்டாம் நாள் இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். ஒரு பேனா மூடியும் ஒரு திர்ஹம் நாணயமும் கிடைத்தன. மூன்றாம் நாள் மத்தியானம், ஒரு காலத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்ட தகரக் கொட்டகையில், வாசல் பக்கம் முழுக்கத் திறந்திருக்க, எஞ்சினை ஓடவிட்டு அவர் உட்கார்ந்திருந்தபோது மணம் முன்னைவிடத் தெளிவாக வந்தது. கடையில் வாங்குகிற கிராம்பின் மணம் அல்ல. யாரோ வாயில் ஒதுக்கி, மென்று, ஈரமாக்கிய கிராம்பின் மணம். ஏசியை முழுக் குளிரில் வைத்திருந்தார். முகத்தில் பட்ட காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த வீட்டில் கிராம்பு மெல்லுகிறவள் அவருடைய மனைவி லீலாபாய் ஒருத்திதான். சபைப் பாடகர் குழுவில் முப்பது வருடமாகப் பாடுகிறாள். தொண்டைக்கு நல்லது என்று கடைவாயில் எப்போதும் ஒன்று கிடக்கும். இரண்டு வரியை ஒரே மூச்சில் இழுத்துவிடுவாள். பக்கத்தில் நிற்கிற ஆனந்தபாய் அதற்குள் திருட்டுத்தனமாக இரண்டு தடவை மூச்சு வாங்கியிருப்பாள். முட்டு வலிக்காரியான லீலாபாய், தரையோடு கிடக்கும் அந்தக் காரில் அதுவரை ஒருமுறைகூட ஏறியதில்லை.

சத்தியதாஸுக்கு மூச்சுதான் இல்லாத பொருள். இருபத்துநாலு வருடம் ஷார்ஜாவில் கார்களுக்கு பெயின்ட் அடித்தார். முகமூடி கொடுத்திருந்தார்கள், அந்த வெக்கையில் யார் போடுவது. இப்போது நுரையீரலில் பாதிக்கும் கீழேதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டு வாசலின் நாலு படியில் இரண்டாவதில் நின்றுதான் மேலே ஏற வேண்டும். சட்டைக்கு பட்டன் போடுவது ஒரு வேலை, பல் தேய்ப்பது இன்னொரு வேலை. சாவைப் பற்றிப் பயம் என்றுகூட இல்லை அவருக்கு. இழுத்து இழுத்துச் சலித்துவிட்டது, அவ்வளவுதான்.

தினமும் விடியற்காலை லீலாபாய் சாமி அறையென்று இல்லாத அந்த வீட்டில் சோற்றுமேசைக்கு முன்னால் முட்டுப்போட்டு, சத்தமாக ஜெபிப்பாள். என் சுவாசத்தில் பாதியை எடுத்து அவருக்குக் கொடும் ஆண்டவரே என்று இரண்டு வருடமாக அதே வேண்டுதல். ஆண்டவருக்குப் பங்குபோடச் சொல்லிக்கொடுக்கிறாயா என்று சத்தியதாஸ் கட்டிலில் படுத்தபடி கேலி செய்வார். அவள் சிரிக்க மாட்டாள்.

கார் அவருடைய கடைசி ஆசை. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார், வயது முப்பது. ஆயுள் முழுக்க அடுத்தவன் வண்டிக்கு வர்ணம் அடித்தவனுக்கு அப்படி ஓர் ஆசை இருக்கக் கூடாதா என்ன? வீட்டுக்குப் போகும் வழியிலுள்ள வெள்ளறடை ஏற்றத்தில் அதுவும் அவரைப் போலவே பாதியில் இளைத்தது. ஆனால் ஒரு அதிசயம் இருந்தது. எஞ்சின் ஓடும்போதெல்லாம் அவருக்கு மூச்சு வந்தது. முதுகில் அந்த அதிர்வு பட்டதும் நெஞ்சுக்கூடு திறந்து, காற்று அடிவயிறு வரை இறங்கியது. லீலாபாய் இதைச் சபையில் எழுந்து நின்று சாட்சியாகவே சொன்னாள்.

ஏற்றத்துக்கு சூப்பர்சார்ஜர் மாட்டலாம் என்று யோசனை கொடுத்தது களியக்காவிளை மெக்கானிக் வேலாயுதன். கேரளப் பக்கம் வண்டியில் கை வைத்தால் அபராதம் என்று பயந்து, பாறசாலைப் பையன்கள் எல்லாரும் எல்லை தாண்டி அவனுடைய பட்டறைக்குத்தான் போவார்கள். பாதி நாள் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, அவனே பின்வாங்கினான்.

"எஞ்சினுக்கு வயசாயிட்டு அண்ணே. அதுக்கு முடிஞ்ச காத்த அது இழுத்துக்கிட்டு, இப்பிடியே இன்னும் பத்து வருசம் ஓடும். இத மாட்டினா காத்தப் பிடிச்சு உள்ள திணிக்கும், ஏத்தம் எல்லாம் சுகமா ஏறும். ஆனா இது சுத்தணும்னா எஞ்சினுக்க பலத்தையாக்கும் பிடுங்கும். காத்து சும்மா வராதில்லியா."

சத்தியதாஸ் முடிவைத் தள்ளிப்போட்டார். லீலாபாய்க்கு அதில் பொறுமை இல்லை. சும்மா ஓடுகிற எஞ்சினே இவ்வளவு மூச்சு கொடுத்தால், அந்தக் கருவி வந்தால் எவ்வளவு கொடுக்கும் என்பது அவளுடைய கணக்கு.

"மாட்டிருங்க, கேட்டீங்களா. நீங்க நல்லா மூச்சு விட்டா எனக்கு அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாட்டின் நடுவில் நின்றுபோனாள். ஆராதனை முடிந்து வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மதிலில் சாய்ந்தாள். அவர் அவளுக்காகக் காத்து நின்றார். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அது முதல் தடவை.

இப்போது கிராம்பு மணக்கும் காருக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். கொட்டகைக்குப் பின்னால் அடுக்களை ஜன்னல். லீலாபாய் மீன் கழுவியபடி பாடிக்கொண்டிருந்தாள். அவர் ஆக்ஸிலேட்டரில் காலைச் சற்று அழுத்தினார். எஞ்சின் உயர்ந்தது, நெஞ்சு திறந்தது, பாட்டு நின்றது. ஒருவர் பாட்டை நிறுத்துவதுபோல் இல்லை. வாயைப் பொத்தியதுபோல் அறுந்தது. காலை எடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நீண்ட இழுப்பு, இருமல், மறுபடி பாட்டு. அழுத்தினார். அறுந்தது. எடுத்தார். இழுப்பு, இருமல், பாட்டு. மூன்றாவது தடவையும் அப்படியே. நாலாவது தடவை அழுத்த அவருக்குக் கால் வரவில்லை.

எஞ்சினை அணைத்தார். விசிறி நின்றது. துளையிலிருந்து மட்டும் வெதுவெதுப்பான காற்று கொஞ்ச நேரம் வந்துகொண்டிருந்தது. வந்தது, நின்றது, வந்தது.

அன்றே வேலாயுதனைக் கூப்பிட்டு, ஒன்றும் மாட்ட வேண்டாம், ஆள் வந்தால் வண்டியை விற்றுவிடலாம் என்றார். லீலாபாயிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

பன்னிரண்டு நாள் காரைத் தொடவில்லை. லீலாபாய் தேறினாள். பாறசாலைச் சந்தைக்கு நடந்து போய் நடந்தே வந்தாள். பாட்டு பழையபடி நீண்டது. சத்தியதாஸ் சுருங்கினார். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் பூசணம், துணியெல்லாம் ஈர நாற்றம். பதின்மூன்றாம் நாள் காலையில் குளியலறையில் அவரால் கப்பைத் தூக்கித் தலைக்கு ஊற்ற முடியவில்லை. ஈரத்தரையில் உட்கார்ந்து, சோப்பு உடம்பில் காய, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இழுத்தார். லீலாபாய் துண்டால் துடைத்துவிட்டு, நெஞ்சில் தைலம் தேய்த்தாள். ஒவ்வொரு ராத்திரியும் தேய்க்கிற கை, கழுத்தெலும்பிலிருந்து கீழே, மெல்ல, அழுத்தி.

அவள் அடுக்களைக்குப் போனதும் வேலாயுதனைக் கூப்பிடப் போனை எடுத்தார். மூன்றே மூன்று தடவைதானே. அவளுக்கும் ஐம்பத்தாறு வயது. இருமல் யாருக்குத்தான் வராது. தற்செயலாக இருக்கும்.

"மாட்டிரு மக்கா," என்றார்.

அப்படிச் சொன்னபோது அவருக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

வேலாயுதன் ஆள் அனுப்பிக் காரை எடுத்துப் போனான். ஒன்பதாம் நாள் மாலை நாலரைக்கு இருவரும் ஆட்டோவில் களியக்காவிளைக்குப் போனார்கள். காரில் கூடவே வருவேன் என்று லீலாபாய் பிடிவாதம் பிடித்தாள். முட்டு வலியோடு, ஒரு கையால் கூரையைப் பிடித்து, சிரித்துக்கொண்டே உள்ளே இறங்கினாள். டாஷ்போர்டில் சின்ன மீட்டர் ஒன்று புதிதாக இருந்தது. எவ்வளவு காற்று ஏறுகிறது என்று முள் காட்டுமாம். மெதுவாகப் போங்கள், ஏற்றத்தில் மட்டும் மிதியுங்கள் என்று சொல்லி வேலாயுதன் கதவைச் சாத்தினான்.

மழைக்காகக் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. எல்லை தாண்டி, பாறசாலை தாண்டி, வெள்ளறடைப் பாதையில் திரும்பினார்கள். இருபக்கமும் ரப்பர். மழைக்காலத்துக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடைகளோடு மரங்கள் வரிசையாகப் பின்னால் போயின. பகல் மங்கிக்கொண்டிருந்தது. லீலாபாய் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

ஏற்றம் வந்தது. மிதித்தார்.

பானெட்டுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய சீழ்க்கை கிளம்பி மேலே மேலே போனது. கார் பாய்ந்தது. அவருடைய நெஞ்சு திறந்தது. இருபது வயதில்கூட அப்படித் திறந்ததில்லை. விலாவெலும்புகள் விரிந்து, தோள் உயர்ந்து, காற்று உள்ளே இறங்கி இறங்கி, இன்னும் இடம் இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷம்தான். வேறென்ன.

கிராம்பு மணத்தது.

முணுமுணுப்பு நின்றிருந்தது.

காலை எடுத்தார். கார் வேகம் குறைந்தது. சீழ்க்கை குறையவில்லை. பிரேக்கை மிதித்து ஓரத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார். மழை கூரையில் விழுந்தது. வைப்பர் பாதியில் நின்றது.

சீழ்க்கை இருந்தது.

பக்கத்தில்.

திரும்பிப் பார்த்தார். லீலாபாய் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. நாக்கின் மேல் கிராம்பு. அவர் மூச்சை இழுக்க, அவள் தொண்டையிலிருந்து சீழ்க்கை வெளியே வந்தது. மீட்டரின் முள் ஏறியது. அவளுடைய கன்னங்கள் உள்ளே போயின.

அவர் மூச்சை அடக்கினார்.

சீழ்க்கை நின்றது. முள் விழுந்தது. லீலாபாயின் மார்பு எழுந்தது. ஒரு மூச்சு. உதட்டில் நிறம் வந்தது. இன்னொரு மூச்சு. அவள் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கதவுக் கைப்பிடியைத் தேடினார். இறங்கி ஓடுவதா? எவ்வளவு தூரம்? படியில் இரண்டாவதில் நிற்கிற ஆள்.

நெஞ்சு எரிந்தது. காது அடைத்தது. பாதிக்கும் கீழே. அவ்வளவுதான் அவரிடம் உண்டு.

"எதுக்கு அடக்குதீங்க?" லீலாபாயின் குரல் சாதாரணமாக இருந்தது. "இழுங்க. நான் கேட்டு வாங்கினதாக்கும்."

அவள் கையை நீட்டி அவர் நெஞ்சில் வைத்தாள். கழுத்தெலும்பிலிருந்து கீழே. மெல்ல. அழுத்தி.

வாய் தானாகத் திறந்தது.

சீழ்க்கை கிளம்பியது. முள் ஏறியது, கடைசிக் கோட்டைத் தொட்டு அங்கேயே நின்றது. அவர் இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார், நிறுத்த முடியவில்லை. லீலாபாயின் கன்னம் ஒட்டியது, கண் குழி விழுந்தது, கழுத்து நரம்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கை மட்டும் அவர் நெஞ்சில் தைலம் தேய்ப்பதுபோல் மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது.