கடைசி வண்டிக்குப் பின்னால்

மலைமேல் இருந்த அந்தப் பழைய விடுதிக்கு மோட்டார் சைக்கிள் சங்கத்தார் வந்து சேர்ந்தபோது மணி நான்குகூட ஆகவில்லை. அதற்குள் மூடுபனி இறங்கி மரங்களைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தை முன்னே தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் நுழைந்தன. பத்து வண்டிகள் வந்து நின்று, ஹெல்மெட்டைக் கழற்றி, முதுகை நெளித்து, யார் எந்த வளைவில் தடுமாறினார்கள் என்று சிரித்து முடித்த பிறகு, பதினொன்றாவதாக வால் வந்தார்.

வால் என்பது சங்கத்தார் வைத்த பெயர். ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்; ஐம்பதைத் தொட்டவர். எந்தப் பயணமானாலும் கடைசி வண்டி அவருடையதுதான். முன்னால் போகிறவர் வழியைப் பார்ப்பார். பின்னால் வருகிறவர் ஆட்களைப் பார்க்க வேண்டும். யார் நின்றாலும் கடைசி வண்டி நிற்க வேண்டும், யாரையும் முந்தக் கூடாது. சங்கத்தில் விதி என்று இருந்தது அது ஒன்றுதான்.

வால் உள்ளே வந்த பிறகும் காவலாளி கேட்டைச் சாத்தாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாத்திடுங்க. நான்தான் கடைசி."

"இல்லையே சார். உங்களுக்குப் பின்னாடி இன்னொரு வண்டி வந்துச்சே. மஞ்சள் லைட்டு. கீழ் வளைவுல பார்த்தேன்."

வால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அடிவாரத்திலிருந்தே பக்கக் கண்ணாடியில் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார். அவர் வேகம் கூட்டினால் அதுவும் கூடியது. அவர் நின்றால் அதுவும் நின்றது. முந்தவே இல்லை.

"பனியில அப்படித்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியை வரிசையின் கடைசியில் நிறுத்தினார்.  

போன வருடம் இதே மலைக்கு வந்தபோது பன்னிரண்டு பேர். அன்று வாலுக்கு முன்னால் வந்தவர் தையல்காரர். சங்கத்தின் சட்டைகளுக்கெல்லாம் சின்னம் தைத்துக் கொடுத்தவர். பழைய வண்டி, உருட்டிக்கொண்டு வருகிற மாதிரிதான் ஓட்டுவார். அவர் பின்னால் போவது என்றால் பொறுமை வேண்டும். அன்று மழை தூற ஆரம்பித்ததும், விடுதிக்கு அரை மைல் கீழே அந்த வளைவில் அவர் ஓரங்கட்டி மழைக்கோட்டை எடுத்தார்.

அதன்பிறகு நடந்தது சங்கத்துக்குத் தெரிந்தவரை இப்படி: தையல்காரருக்கு உடம்பு சரியில்லை, 'ஊருக்குத் திரும்புறேன்' என்று வாலிடம் சொல்லிவிட்டு, சிரித்தபடி கைகாட்டிப் போனார், போகிற வழியில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தார். மலையில் செல்போன் எடுக்காது. வீட்டில் மனைவி அவர் விடுதியில் தங்கியிருப்பதாக நினைத்தாள். விடுதியில் இருந்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டதாக நினைத்தார்கள். மறுநாள் காலை விறகு எடுக்கப் போனவர்கள்தான் அந்த வளைவுக்குக் கீழே அவரைப் பார்த்தார்கள். விடியும் வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

வாலுக்குத் தெரிந்தது வேறு.

தையல்காரர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஒரு விரலை நீட்டி, ஒரு நிமிஷம் என்று ஜாடை காட்டினார். மேலே படம் எடுப்பவர் எல்லோரையும் நிற்கவைத்துக் காத்திருந்தார். வருஷா வருஷம் குரூப் போட்டோவில் வால் இல்லாமலே போய்விடும். அன்று ஒருநாளாவது இருக்க வேண்டும் என்று ஒரு நப்பாசை. எரிச்சலோடு ஹாரனை அடித்துவிட்டு, தையல்காரரைக் கடந்து, வால் மேலே போய்விட்டார்.

"எங்கய்யா அவரு?" என்று கேப்டன் கேட்டபோது, விதியை மீறினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பத்து நிமிஷத்தில் வந்துவிடுவார், அப்போது சிரித்து மழுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் அந்தப் பொய்யைச் சொன்னார். ஆனால் அவர் வரவில்லை. சூப் குடித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஒரு ஹாரன் கேட்டது. மெலிந்த, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரியான சத்தம். "யாரு அது?" என்று ஒருவர் ஜன்னல் பக்கம் எழுந்து போனார். அது யாருடைய ஹாரன் என்று வாலுக்குத் தெரியும். எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் பொய் வெளிப்பட்டுவிடும்.

"ஏதாவது லாரியா இருக்கும்" என்றார்.

ஹாரன் இருட்டிய பிறகும் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மி, பிறகு நின்றுவிட்டது.

இதையெல்லாம் நெஞ்சுக்குள் போட்டுப் பூட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டியாயிற்று. இப்போது விடுதிக் கூடத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கணப்பில் ஈர விறகு புகைந்தது. கேப்டன், ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பருத்த மனிதர், வரப்போகும் நிகழ்ச்சிகளைப் படித்தார். அடுத்த மாதம் ஹெல்மெட் ஊர்வலம். அதற்கடுத்த ஞாயிறு குடும்பத்தோடு ஏரிக்கரைப் பயணம். மாமியாரை யாராவது பின் சீட்டில் ஏற்றி வந்தால் தனிப் பரிசு. மழைக்காலம் முடிந்ததும் வாலின் கடையில் இலவசக் கண் பரிசோதனை. சிரிப்பும் கைதட்டலுமாகக் கூடம் நிறைந்தது.

"கடைசியா ஒண்ணு" என்றார் கேப்டன். குரல் இறங்கியது. "நம்ம தையல்காரர் பேர்ல ஒரு பாராட்டு. வருஷா வருஷம் நல்ல கடைசி வண்டிக்கு. முதல் வருஷம் யாருக்குன்னு நான் சொல்லவே வேணாம். கொடுக்கிறதுக்கு அவங்களே வந்திருக்காங்க."

பக்கத்து அறைக் கதவு திறந்தது. தையல்காரரின் மனைவி வந்தாள். காலையிலேயே கேப்டனின் மனைவியோடு காரில் வந்துவிட்டாளாம். கையில் மடித்த ஒரு மேல்சட்டை. அவளே தைத்தது.

"அவரைக் கடைசியா பார்த்தது நீங்கதானே அண்ணா" என்றாள். "சிரிச்சுக்கிட்டே கைகாட்டினார்னு சொன்னீங்க. அதை நினைச்சுத்தான் நான் இந்த ஒரு வருஷத்தைத் தள்ளினேன்."

வாலுக்குத் தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. சட்டையை வாங்கக் கை நீளவில்லை. அதன் நூலிலிருந்து தையல் மெஷின் எண்ணெய் வாடை வந்தது. தையல்காரர் மேல் எப்போதும் அடிக்கும் வாடை.

"முதல்ல எண்ணிக்கை" என்றார் கேப்டன். "அப்புறம் படம் எடுத்துக்கலாம்."

கூடுகிற இடத்தில் ஆளுக்கொரு எண் சொல்வது சங்கத்தின் வழக்கம். ஒன்று என்றார் கேப்டன். இரண்டு, மூன்று என்று குரல்கள் வட்டத்தைச் சுற்றி வந்தன. ஒன்பது. பத்து.

"பதினொண்ணு" என்றார் வால்.

விறகு ஒன்று வெடித்து அடங்கியது.

"பன்னிரண்டு."

வாசல் பக்கமிருந்து வந்தது. மெதுவாக, மூச்சு வாங்குகிற ஒருவர் சொல்வதுபோல.



"யாருய்யா விளையாடறது?" என்றார் கேப்டன். ஆனால் அவர் குரலில் கோபம் இல்லை. வாசலில் யாரும் இல்லை. திறந்திருந்த கதவு வழியாகப் பனி மட்டும் தரையோடு தரையாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

தையல்காரரின் மனைவி சட்டையை நழுவவிட்டாள்.

"அது அவர் குரல்."

"இல்லம்மா, ஏதோ..." என்று இழுத்தார் கேப்டன்.

"இருபத்திரண்டு வருஷம் கேட்ட குரல் எனக்குத் தெரியாதா?" அவள் வாசலைப் பார்க்கவில்லை. வாலைப் பார்த்தாள். அவர் முகத்தில் அவள் என்ன கண்டாளோ, கேள்வி தானாக வந்தது. "அண்ணா... அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அப்போது கேட்டது அந்த ஹாரன். கீழேயிருந்து. மெலிந்து, விட்டு விட்டு.

இந்தமுறை எல்லோருக்கும் கேட்டது.

வால் எழுந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அவர் திரும்பிப் போகலைம்மா. கோட்டு போட நின்னார். ஒரு நிமிஷம்னு ஜாடை காட்டினார். நான் நிக்கலை." பிறகு அந்த ஹாரனைச் சொன்னார். லாரி என்று சொன்னதைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்து, கடைசியில் உதடு மட்டும் அசைந்தது.

மெக்கானிக் ஒருவர், வாலின் பத்து வருஷ நண்பர், நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.  அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பார், யாரும் முகத்தைப் பார்க்காமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

"சிரிச்சாரா?" என்றாள் அவள். அதை மட்டும்தான் கேட்டாள்.

"நான் அவர் முகத்தையே பார்க்கலைம்மா."

 ஹாரன் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மன்னிச்சேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை" என்றாள் பிறகு. "அங்க போங்க. அன்னைக்கு நிக்காத ஒரு நிமிஷத்தை இன்னைக்குப் போய் நில்லுங்க."

கேப்டன் கூட வருவதாக எழுந்தார். வேண்டாம் என்று வால் தலையசைத்தார்.

அந்த அரை மைலை வண்டியைத் தள்ளுகிற வேகத்தில் இறங்கினார். வெளிச்சம் சாம்பல் நிறமாகி வந்தது. வளைவில் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். ஹாரனும் நின்றது.

பறவைச் சத்தம்கூட இல்லை. இலைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும்.

பிறகு, அவருக்கு இடப்பக்கம், ரோட்டோரத்தில், ரப்பர் துணியை உதறுகிற சத்தம்.

யாரும் இல்லை.

'டக்.'

மழைக்கோட்டின் பொத்தான். கீழே ஒன்று.

'டக்.' அதற்கு மேலே ஒன்று.

அவர் ஓடிவிடத்தான் நினைத்தார். சாவியில் கை போனது. பற்களைக் கடித்துக்கொண்டு கையை எடுத்து மடியில் வைத்தார். அவசரமே இல்லாமல், பொறுமையான ஒரு கை, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தது. எண்ணெய் வாடை நெருங்கியது. கழுத்துப் பொத்தானின் சத்தம் அவர் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

'டக்.'

"நான் நிக்கிறேன்" என்றார் வால். கண்ணீர் மீசையில் இறங்கியது. "நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி வரேன்."

பழைய எஞ்சின் ஒன்று இரண்டு முறை இருமிவிட்டு உயிர் பிடித்தது. ஈரக் காற்று அவரை உரசிக்கொண்டு போனது. பனிக்குள், முன்னால், சிவப்பாக ஒரு சிறிய விளக்கு எரிந்தது. அது உருண்டது. அவர் அதன் பின்னால், முந்தாமல், வண்டியை உருட்டினார். விடுதி கேட்டுக்கு வந்ததும் விளக்கு அணைந்தது. காவலாளி இரண்டு வண்டிகளுக்கு இடம் விடுகிறவர்போல ஒதுங்கி நின்றார்.

இரவெல்லாம் மழை கொட்டியது.

காலையில் கேப்டன் வாலைத் தனியாகக் கூப்பிட்டார். "ஊருக்குப் போனதும் நேரா போலீஸ் ஸ்டேஷன். நானும் வரேன். எல்லாத்தையும் சொல்லணும்."

"சொல்றேன்."

"அந்தக் கண் பரிசோதனை..." கேப்டன் முடிக்கவில்லை. அதை நிறுத்திவிடலாம் என்பதற்கும் வால் தலையை ஆட்டினார். தன் சட்டையிலிருந்த சங்கச் சின்னத்தை அவரே பிரித்து எடுத்திருந்தார். தையல் உறுதியான தையல்; பிரிக்க வெகுநேரம் ஆகியிருந்தது. அதைக் கேப்டன் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினார்.

முற்றம் முழுக்கச் சேறும் குட்டையுமாக இருந்தது. வண்டிகள் வரிசையாக நீர் சொட்டிக்கொண்டு நின்றன. வரிசையின் கடைசியில், அவருடைய வண்டிக்குப் பக்கத்தில், தையல்காரரின் மனைவி குந்தி உட்கார்ந்திருந்தாள். நேற்று அவர் உண்மையைச் சொன்னதிலிருந்து அவள் அவரை அண்ணா என்று கூப்பிடவில்லை. இப்போதும் கூப்பிடவில்லை.

"இங்க வாங்க" என்றாள் மெதுவாக.

அவள் காட்டிய இடத்தில் ஒரு வண்டி நீளத்துக்குத் தரை காய்ந்திருந்தது. நாலு பக்கமும் தண்ணீர் தேங்கியிருக்க, அந்த இடத்தில் புழுதியே கலையவில்லை. அவள் உள்ளங்கை அதன்மேல் இருந்தது.

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். சூடாக இருந்தது. இப்போதுதான் அணைத்த எஞ்சினுக்குக் கீழே இருக்கிற சூடு.

காய்ந்த இடத்தின் ஓரத்தில், சேற்றில், ஸ்டாண்டு பதிந்த சின்னக் குழி ஒன்று இருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ வண்டிமேல் ஏறி உட்கார்ந்ததுபோல, அந்தக் குழி மெல்ல இன்னும் கொஞ்சம் ஆழமாக அழுந்தியது.