டெனர்காரனின் சிவப்புச் சட்டை

கூடாரத்தின் மேல்துணி மழைத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு, நிறைசூல் பசுவின் வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. துடைப்பக் கட்டையால் லேசாகத் தூக்கிவிட்டால் தண்ணீர் ஓரமாக வழிந்து ரோஜாப் பாத்தியில் விழும் என்பது என் கணக்கு. ஓரமாகத்தான் வழிந்தது... அந்த ஓரத்தில் ஒரு பெண் உருளைக்கிழங்குத் தட்டோடு நின்றிருந்தாள் என்பதைத்தான் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மொத்தமும் அவள் தலையில். மிச்சம் பக்கத்து மேஜையில் அடுக்கியிருந்த பாட்டுத்தாள்கள் மேல்.

அவள் கத்தவில்லை. இமையில் தொங்கிய துளிகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்தாள். சாம்பலும் பச்சையும் கலந்த கண்கள்... மழை ஓய்ந்த மலைச்சரிவின் நிறம். தட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"கிழங்கு நல்லா வெந்திருக்கு. தண்ணிதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள்.

அவ்வளவுதான். முப்பத்தாறு வயதில், கையில் துடைப்பத்தோடு, இட்ரிஸ் என்கிற நான் காலி.

என் கோட்டைக் கழற்றி நீட்டினேன். வேண்டாம், காரில் ஏதாவது கிடக்கும் என்று சொல்லிவிட்டு ஓடினாள். திரும்பி வந்தபோது முட்டிவரை தொங்கும் சிவப்பு ரக்பி சட்டை ஒன்றைப் போட்டிருந்தாள். ஆண் சட்டை. கையை எத்தனை மடிப்பு மடித்தும் விரல் வெளியே தெரியவில்லை. சட்டையின் சொந்தக்காரன் பின்னாலேயே வந்தான். சட்டையை வைத்து நான் மனதுக்குள் போட்ட உயரத்தைவிட இன்னும் ஒரு ஜாண் கூடுதலாக இருந்தான்.

நாங்களெல்லாம் பிழைப்புக்காக வேல்ஸிலிருந்து எல்லை தாண்டி இந்த இங்கிலீஷ் ஊருக்கு வந்து சேர்ந்த வெல்ஷ்காரர்கள். கோடையில் ஒரு சனிக்கிழமை நெஸ்டா ஆன்ட்டியின் தோட்டத்தில் எங்கள் சங்கத்துக்கு மதிய விருந்து, கூடவே கூட்டுப்பாட்டு. மழை அழைக்காமலே வரும். புதிதாக யார் வந்தாலும் ஆன்ட்டி கேட்பது இரண்டே கேள்விதான். யார் வீட்டுப் பிள்ளை, என்ன குரல். மற்றதெல்லாம் அவருக்கு அநாவசியம்.

அவள் பெயர் மெலெரி. வடக்கே பாலா ஏரிப் பக்கத்துப் பண்ணை வீடு. ஆல்ட்டோ, பெண்குரலில் கீழ்வரிசை. வசந்தத்திலிருந்து இங்கே கால்நடை ஆஸ்பத்திரியில் வேலையாம். நல்லது என்று ஆன்ட்டி தலையாட்டிவிட்டு அவனைப் பார்த்தார்.

அவன் பெயர் மாடோக். கார்டிஃபிலிருந்து வந்திருக்கிறான். என்ன குரல்?

"டெனர்" என்றான்.

தோட்டமே திரும்பிப் பார்த்தது. ஆண்குரலில் மேல்வரிசையில் எங்களுக்கு இருந்த ஒரே ஒருவர் மார்ச்சில் மகள் வீட்டோடு போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் பாட்டு முன்பல் விழுந்த வாய் மாதிரிதான் இருந்தது. என்னைப் போன்ற பேஸ்காரர்கள், அடித்தொண்டை ஆட்கள், வேலிக்கு வேலி கிடைப்பார்கள். டெனர் அப்படியா? ஆன்ட்டி தன் கையாலேயே அவனுக்கு ஆடாத நாற்காலி போட்டார். சால்மன் மீனின் நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போனது. எனக்கு வால்.

எனக்குப் புகைய ஆரம்பித்தது. மீனுக்காக இல்லை.

பழ ரொட்டி மேஜையருகே அவள் தனியாக நின்றபோது மெல்லப் போய், அந்த உயரமானவர் கூட வந்தீர்களா என்று கேட்டேன்.

"ஏன், தனியா வந்திருந்தா பாதி தண்ணிதான் ஊத்தியிருப்பீங்களா?"

எங்கள் ஆட்களிடம் ஒரு கேள்வி கேட்டால் இன்னொரு கேள்விதான் திரும்பி வரும். நான் விடவில்லை. சட்டை பொருத்தமாக இருக்கிறது என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்களுக்கு வேணுமா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்... ஈரமுடியிலிருந்து ஒரு சொட்டு ரொட்டியில் விழ, அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். அப்புறம் எதையெதையோ பேசினோம். கன்று ஈனும் பசுவிடம் வெல்ஷில் பேசினால் சீக்கிரம் அமைதியாகிறது, இங்கிலீஷில் பேசினால் உதைக்கிறது என்று சத்தியம் செய்தாள். எனக்கும் அப்படித்தான் என்றேன். நீங்கள் உதைப்பீர்களா என்று கேட்டாள். அந்தப் பேச்சு அப்படியே போயிருந்தால் நான் பாட்டுக்குச் சாயங்காலம்வரை சந்தோஷமாக இருந்திருப்பேன்.

மாடோக் வந்தான். கொஞ்சம் பேசணும் என்று அவள் முழங்கையைத் தொட்டான். இருவரும் ஆப்பிள் மரத்தடிக்குப் போனார்கள். அவன் குனிந்து ஏதோ சொல்ல, அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தொட்டது முழங்கையைத்தான். ஆனாலும் நான் அந்த மரத்தையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

"அப்படி முறைச்சா மரம் பட்டுப்போயிடும்டா கண்ணு" என்றார் நெஸ்டா ஆன்ட்டி, என் தோளுக்குப் பின்னாலிருந்து. அவர் அதற்குள் முழுக் கதையையும் கறந்திருந்தார். இருவரும் கல்யாணம்வரை வந்து பிரிந்தவர்களாம். அவள்தான் பதில் சொல்லாமல் இங்கே வந்துவிட்டாளாம். இப்போது அவளைக் கூட்டிப்போகவே வந்திருக்கிறான். தேநீர் முடிந்ததும் கார் கிளம்பும். அவளும் அதில் ஏறுவாள் என்று ஆன்ட்டி நினைத்தார். போகட்டும், டெனராவது அடுத்த வருஷமும் வருவான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

தேநீருக்கு முன் பாட்டு. எங்கள் வழக்கத்தில் யாரும் புருஷன் பெண்டாட்டியாக உட்கார மாட்டார்கள். குரல் வாரியாகத்தான் வரிசை. பெண்குரல் மேல்வரிசையான சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். ஆகவே மெலெரிக்கு அடுத்த இடம் அவனுடையது. நான் நனைத்த தாள்களில் பாதி கூழாகிவிட்டதால் இரண்டு பேருக்கு ஒரு தாள். ஒரு முனையை அவள் பிடித்தாள். மறுமுனையை அவன் பிடித்தான். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே நாலே வரி இடைவெளி... எல்லாம் என் சொந்தக் கையால் ஊற்றிய தண்ணீர் செய்த வேலை.

முதல் பாட்டை அவன் எடுத்தபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. பாவி, நன்றாகப் பாடித் தொலைத்தான்.

இரண்டாவது பாட்டுக்கு நான் எழுந்தேன். பேஸ் வரிசையைத் தாண்டி நடந்துபோய் மாடோக்கின் பக்கத்தில் நின்றேன். பிறந்ததிலிருந்து பேஸ் பாடுகிறவன் டெனர் வரிசையில் நிற்பது எங்கள் ஆட்களிடையே நடக்கிற காரியமில்லை. ஆன்ட்டியின் புருவம் நெற்றிக்கு மேல் போனது. ஒருவர் மட்டும் தனியாகக் கஷ்டப்பட வேண்டாமே என்று சொல்லி இளித்தேன்.

முதல் இரண்டு சரணம் வாயசைத்துத் தப்பித்தேன். கடைசிச் சரணத்தில் டெனர் மட்டும் படிப்படியாக மேலே ஏறும் ஓர் இடம். மெலெரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கண்களைப் பார்த்த மூளை என்ன உத்தரவு போட்டதோ... வாயைத் திறந்துவிட்டேன்.

கதவிடுக்கில் வால் மாட்டிய பூனைக்குக்கூட அப்படி ஒரு சத்தம் வந்திருக்காது.

பாட்டு நின்றுபோனது. இடி விழுந்தாலும் சரணத்தை முடித்துவிட்டு ஓடுகிற ஜனம் நாங்கள். நின்றது... அப்புறம் சிரிப்பு. எல்லோரும் சிரித்தார்கள். மாடோக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஆன்ட்டி மட்டும் சிரிக்காமல், மிகவும் கனிவாக, உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறாயா என்று கேட்டார். ஊரைவிட்டுத் தள்ளிவைப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

தண்ணீர் வைத்தேன். போதாதென்று பாத்திரங்களையும் கழுவ ஆரம்பித்தேன். வெளியே பாட்டு மறுபடி எழுந்தது, நானில்லாமல் ரொம்பவும் நன்றாக. பாட்டும் தேநீரும் முடிகிற வரை நான் சமையலறையை விட்டு நகரவில்லை. என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஊற்றினவன், தாளைக் கெடுத்தவன், பாட்டை உடைத்தவன். இவனுக்கு எதற்கு மலைச்சரிவு நிறக் கண்கள்?

பின்னால் ஒரு கை துணியை எடுத்துத் தட்டைத் துடைத்தது. மடித்துவிட்ட சிவப்புச் சட்டைக் கை.

நான் கழுவினேன். அவள் துடைத்தாள். வழக்கமாக இந்த மாதிரி அமைதியில் நான் ஒரு ஜோக்கைப் போட்டுவிடுவேன். ஒன்றும் வரவில்லை.

வாசலில் மாடோக் வந்து நின்றான், கையில் சாவியோடு.

"மெலெரி, மழை விட்டிருக்கு. கிளம்பலாமா?"

என் கைகள் சோப்புத் தண்ணீருக்குள் அப்படியே நின்றன. அவள் தட்டைத் துடைத்து முடித்து அடுக்கில் வைத்தாள்.

"நீ கிளம்பு மாடோக். மரத்தடியில சொன்னதுதான். சட்டையைத் துவைச்சு அனுப்பி வைக்கிறேன்."

அவன் கோபப்படவில்லை. கெட்டவனாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். தலையசைத்தான். போகும்போது என்னைப் பார்த்து, பாட்டில் அந்த இடம் எனக்கும் கஷ்டம்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். கார் சத்தம் பாதை திரும்பி மறைந்தது.

நீங்கள் போகாததற்குக் காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தட்டைப் பார்த்தே கேட்டேன்.

"காரணம் இல்லாம யாராவது பாத்திரம் துடைப்பாங்களா?"

மறுபடியும் கேள்வி. குழாயை மூடினேன்.

"மெலெரி, ஒரு தடவை நேரா சொல்லிடுங்க. மத்தியானத்துலேர்ந்து எனக்கு வயிறு எரியுது. இந்தச் சட்டை மேல பொறாமை. அந்தத் தாளைப் பிடிச்சிருந்த கட்டைவிரல் மேல பொறாமை. அதனாலதான் அங்க வந்து நின்னேன். பாட வரல... உங்க பக்கத்துல நிக்க வந்தேன். அந்த இடத்துலயும் நடுவுல அவர் இருந்தார்."

அவள் துணியைக் கீழே வைத்தாள்.

"மரத்தடியில அவன் கேட்டப்ப முடியாதுன்னுதான் சொன்னேன்" என்றாள் மெதுவாக. "சொல்லிட்டேனே தவிர, சரியா தப்பான்னு தெரியல. அப்புறம் நீங்க அந்த உச்சியில உடைஞ்சீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல, இட்ரிஸ். உங்க கூட உள்ள வந்துடணும் போல இருந்துச்சு. அப்பத்தான் புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

இன்னொரு கேள்வி வரும் என்று காத்திருந்தேன். அவள் திரும்பி, அந்தக் கண்களால் என்னை நேராகப் பார்த்தாள்.

"உங்களைப் பிடிச்சிருக்குன்னு."