திருஷ்டியில் பாதிப் பங்கு

பூசணிக்காய் கொழுகொழுவென்று இருந்தது. அதைத் தரையிலிருந்து தூக்குவதற்குள் யுவனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் வேறு யாரையும் தொட விடாமல் அதன் பக்கத்திலேயே காவல் இருந்தான்.

"இந்த வருஷம் நான்தான் உடைப்பேன்" என்று ஒரு வாரமாக வீட்டில் நச்சரித்துக்கொண்டிருந்தான். ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகும் சின்னப் பையன் என்று சொன்னால் என்ன நியாயம்? பிடுங்கல் தாங்க முடியாமல் அப்பா பாலசுப்ரமணியன் கடைசியில் சரி என்று சொல்லிவிட்டார்.

பெங்களூர் பீன்யாவில் அப்பாவுக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. அன்று ஆயுத பூஜை. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. ஸ்பேனருக்கும் சுத்தியலுக்கும்கூடப் பொட்டு வைத்தாயிற்று. வைத்த பொட்டில் பாதி யுவனின் சட்டையில்தான் இருந்தது.

போன வருஷம் அப்பாவின் விரல் ஒன்று மெஷினில் மாட்டி நசுங்கிவிட்டது. நகம் போனது. அவர் வேலைக்கு வர முடியாததால் பெரிய ஆர்டர் ஒன்றும் கைவிட்டுப் போனது. "யார் கண்ணு பட்டுச்சோ" என்று அம்மா சீதாலட்சுமி புலம்பாத நாளே கிடையாது. அதனால்தான் இந்த முறை கடையில் இருந்ததிலேயே பெரிய பூசணிக்காயாகப் பார்த்து வாங்கி வந்திருந்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பூஜை முடிந்தது. அப்பா பூசணிக்காயின் தலையில் துளை போட்டு, உள்ளே குங்குமத் தண்ணீரை ஊற்றினார். மேலே கற்பூரம் ஏற்றிப் பட்டறை வாசலுக்கு மூன்று சுற்றுச் சுற்றினார். கற்பூரம் அணைந்ததும் தெருமுனை வரைக்கும் அவரே தூக்கி வந்து யுவனின் கைகளில் வைத்தார்.

"உடைச்சதும் திரும்பிப் பார்க்காம வந்துடணும். வந்து கால கழுவிட்டு உள்ள போ."

"பார்த்தா என்னப்பா ஆகும்?"

"திருஷ்டி நம்ம பின்னாடியே வந்துரும்."

அப்பா முன்னால் போய்விட்டார். யுவன் பல்லைக் கடித்துக்கொண்டு பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கினான். டமார்! தெருவே அதிர்ந்த மாதிரி இருந்தது. எப்படி உடைந்தது, எங்கெல்லாம் சிதறியது என்று பார்க்க அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தான்.

பட்டறை வாசலில் கால் கழுவக் குழாயைத் திறந்தான். பின்னால் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்து தடாலென்று இன்னொரு சத்தம். யுவன் திரும்பிப் பார்த்துவிட்டான்.

முனையில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஓர் அக்கா ரோட்டில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வெள்ளை சுடிதார் முழுக்கச் சிவப்பு. ரத்தமா? யுவன் ஓடிப் போய்ப் பார்த்தான். ரத்தம் இல்லை, குங்குமம். ஆனால் அந்த அக்காவின் இடது மணிக்கட்டு கண் முன்னாலேயே வீங்கிக்கொண்டு வந்தது.

"மெல்லகே, மெல்லகே" என்றபடி பக்கத்துக் கடை ஸ்ரீகண்டன் மாமா கை கொடுத்துத் தூக்கினார். அவர் மரப்பெட்டிகள் செய்து விற்பவர். பிறந்ததிலிருந்தே பெங்களூர்க்காரர் என்பதால் தமிழுக்கு நடுவே கன்னடம் எட்டிப் பார்க்கும்.

அந்த அக்காவின் பெயர் ஆஞ்சலா. பீன்யாவில் ஒரு கம்பெனியில் வேலை முடித்து, லிங்கராஜபுரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாராம். அம்மா உடனே ஓர் ஆட்டோவை நிறுத்தினார்.

"வாம்மா, பக்கத்துலயே கிளினிக் இருக்கு. நான் கூட வரேன்."

"வண்டி?" என்றார் ஆஞ்சலா அக்கா.

"பிரேக் பிடி வளைஞ்சிருக்கு. நான் நிமிர்த்தி வெக்கிறேன், நீங்க தைரியமா போய்ட்டு வாங்க" என்று அப்பா ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினார்.

ஆட்டோவில் ஏறும்போது ஆஞ்சலா அக்கா ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். "திரும்பற இடத்துல போயி இவ்ளோ பெரிய பூசணிக்காய யார் உடைச்சது?" என்று பொதுவாகக் கேட்டார்.

யுவன் தன் கால் விரல்களை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆட்டோ போய்விட்டது. அப்பா ஸ்கூட்டரைப் பட்டறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். கூட்டமும் கலைந்தது. முனையில் யுவனும் ஸ்ரீகண்டன் மாமாவும் மட்டும் நின்றார்கள்.

"மாமா, அந்த அக்கா ஏன் விழுந்தாங்க?"

"எல்லாம் கர்மா தம்பி. விழணும்னு இருந்தா விழுந்துதான் ஆகணும்."

யுவன் யோசித்தான். மாமா சொன்னது அவனுக்கு எங்கோ இடித்தது.

"கர்மான்னா நாம செஞ்சது நமக்கே வர்றதுதானே மாமா?"

"ஆமா."

"பூசணிக்காய உடைச்சது நானு. கை வீங்கினது அவங்களுக்கு. பார்சல் வீடு மாறிப் போன மாதிரில்ல இருக்கு."

ஸ்ரீகண்டன் மாமா தாடையைச் சொறிந்தார். "இந்த ஜென்மத்துல இல்லாட்டி போன ஜென்மத்துல அவங்க ஏதாவது செஞ்சிருப்பாங்க."

"போன ஜென்மம் எனக்குத் தெரியாது மாமா. இன்னிக்குச் சாயங்காலம் நான் செஞ்சது நல்லாத் தெரியுது."

அந்த நேரம் பார்த்து முனையில் ஒரு பைக் திரும்பியது. பின்சக்கரம் ஒரு வழுக்கு வழுக்கியது. ஓட்டியவர் காலை ஊன்றி எப்படியோ தப்பித்து, எதையோ முணுமுணுத்துக்கொண்டு போனார். கம்பெனிகள் விடும் நேரம் இது. இன்னும் எத்தனையோ வண்டிகள் இந்த வழியாகத்தான் வரும்.

அவன் ரோட்டில் குனிந்தான்.

"ஏய், சும்னே இரு" என்று மாமா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அதுல பட்டறையோட ஒரு வருஷத்துத் திருஷ்டி இருக்கு. தொட்டா அவ்வளவுதான். காலையில குப்பை வண்டி வந்து அள்ளிட்டுப் போகும்."

யுவன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். அப்பாவின் நகமில்லாத விரல் ஞாபகத்துக்கு வந்தது. கட்டுப் போட்ட கையோடு அப்பா ராத்திரியெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருந்ததும் ஞாபகத்துக்கு வந்தது. அந்தத் திருஷ்டி மறுபடியும் பட்டறைக்குள் நுழைந்தால் என்ன செய்வது?

அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, அது தொட்டவங்களுக்கு மட்டும்தானே வரும்? அவங்க அப்பாவுக்கு வராதுல்ல?"

ஸ்ரீகண்டன் மாமா அவன் முகத்தைப் பார்த்தார். "தொட்டவங்களுக்குத்தான்னு சொல்லுவாங்க" என்று இழுத்தார்.

"அப்ப சரி."

யுவன் பட்டறை வாசலுக்கு ஓடினான். இரும்புப் பிசிறு அள்ளும் பழைய தகரக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரோட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் துண்டை எடுத்தான். கை சில்லென்றது. கண்ணைத் திறந்தான். இடி விழவில்லை. இரண்டாவது துண்டைக் கண்ணைத் திறந்துகொண்டே எடுத்தான்.

பெரிய துண்டுகள் கூடைக்குள் போய்விட்டன. ஆனால் கொழகொழவென்று இருந்த சதை ரோட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதுதான் வழுக்குகிறது. பட்டறையில் எண்ணெய் சிந்தினால் அப்பா என்ன செய்வார்?

"மாமா, உங்க கடையில மரத்தூள் இருக்குமே, ஒரு சாக்கு குடுங்களேன். மரத்தூளத் தொட்டா ஒண்ணும் ஆகாதுல்ல?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆகாது, ஆகாது" என்றபடி கடைக்கு நடந்தார்.

அந்தச் சமயத்தில் அப்பா வெளியே வந்தார். முனையைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"யுவன், அதத் தொடாதடா."

"கிட்ட வராதீங்கப்பா" என்று யுவன் சிவந்த கைகளை நீட்டி அவரைத் தடுத்தான். "நான் கேட்டுட்டேன். தொட்டவங்களுக்கு மட்டும்தான் வருமாம். உங்களுக்கு வராது. நீங்க உள்ள போயிருங்க."

அப்பா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். அவருடைய முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. திட்டப் போகிறார் என்று நினைத்து யுவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்பா புது வேட்டியை மடித்துக் கட்டினார். அவனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தள்ளி உக்காரு. பாதி எனக்கு."

"அப்பா, உங்க விரலு..."

"போன வருஷமும்தான் பூசணிக்காய் உடைச்சோம். அதுக்கப்புறம்தானே விரல் போச்சு?" அப்பா ஒரு கை நிறையச் சதையை வழித்துக் கூடையில் போட்டார். "அவசரத்துல மெஷின நிறுத்தாம நான்தான் கைய விட்டேன். பாவம், யாரோட கண்ணு மேலயோ பழியப் போட்டாச்சு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொன்னா பூசணிக்காய் என் தலையில உடையும்."

யுவன் களுக்கென்று சிரித்துவிட்டான். மாமா மரத்தூள் சாக்கோடு வந்தார். அப்பனும் மகனும் வழிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சாக்கைக் கீழே வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

"ஏன் மாமா, உங்களுக்குப் பயமா இல்லையா?"

"ஒரு வருஷத் திருஷ்டிய மூணு பேரு பங்கு போட்டா ஆளுக்கு ஒரு ஜலதோஷம்தான் வரும். பரவால்ல" என்றார் மாமா.

மரத்தூளைப் பரப்பி, பெருக்கி அள்ளி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். தெரு விளக்கும் எரிய ஆரம்பித்தது. ரோடு கறுப்பாக, சுத்தமாகத் தெரிந்தது.

கிளினிக்கிலிருந்து ஆட்டோ திரும்பி வந்தது. ஆஞ்சலா அக்காவின் மணிக்கட்டில் கட்டு. "எலும்புக்கு ஒண்ணும் இல்லையாம், சுளுக்குதான். அவங்க தம்பி வந்து வண்டிய எடுத்துப்பானாம்" என்று அம்மா சொன்னார். சொல்லி முடித்ததும்தான் அப்பாவின் வேட்டியைப் பார்த்தார். எதுவும் கேட்பதற்குள் யுவன் முன்னால் வந்து நின்றான். சொல்ல வேண்டியதை அவன் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தான். வாயைத் திறந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

"அக்கா, நான்தான் உடைச்சேன். நீங்க கேட்டப்ப சொல்லல. பயமா இருந்துச்சு. மன்னிச்சிருங்க."

ஆஞ்சலா அக்கா அவனைப் பார்த்தார். சிவந்து போன கைகளையும், நனைந்து போன சட்டையையும் பார்த்தார். பிறகு சுத்தமாக இருந்த ரோட்டையும் பார்த்தார்.

"வலிச்சுதுடா. இப்பவும் வலிக்குது" என்றார்.

யுவனுக்குக் கண் கலங்கியது.

"ஆனா நீயா வந்து சொன்ன பாரு, அது நல்லாருக்கு." நல்ல கையால் அவன் தோளைத் தட்டினார். "பூஜை பண்ணிருக்கீங்க, பொரி கூடக் குடுக்க மாட்டீங்களா?"

யுவன் உள்ளே ஓடப் போனான். முனையில் ஒரு ஹாரன் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டான். ஒரு ஸ்கூட்டர் வேகமாக வந்துகொண்டிருந்தது. ஓட்டுபவருக்குப் பின்னால் ஓர் அம்மா, மடியில் கைக்குழந்தை. முன்னால் ஒரு சின்னப் பெண் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். யுவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

ஸ்கூட்டர் சாய்ந்து, திரும்பி, நேராகிப் போனது. அந்தச் சின்னப் பெண் யுவனைப் பார்த்துக் கையாட்டினாள். அவனும் சிவந்த கையை ஆட்டினான். இங்கே என்ன நடந்தது என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. யுவனுக்கு அது போதுமாக இருந்தது.