பச்சை விளக்கின் கீழ் ஒரு ஆர்க்கிட்

தண்டையார்பேட்டையில் ஒரு பழைய கோடவுனின் மாடியறைக்கு நானும் என் வகுப்புத் தோழன் வெற்றியும் குடிவந்தோம். ஜன்னல் கிடையாது. "வெயிலே அடிக்காது தம்பி" என்று அதையும் ஒரு வசதியாகச் சொன்னார் வீட்டுக்காரர்.

வெற்றியின் கையில் ஒரு ஆர்க்கிட் தொட்டி. கீர்த்தி கொடுத்தது. "இது பூத்தா உங்கிட்ட பேசறேன்" என்றிருந்தாள். காதல் விவகாரத்தில் ஒரு செடியை நீதிபதியாகப் போட்டது எங்கள் வகுப்பில் அவள் மட்டும்தான்.

மொட்டு கட்டியிருந்தது. வெளிச்சம்தான் வேண்டும். செடிக்கான வெள்ளை எல்இடி வாங்கலாம், பகலில் எரியவிட்டு ராத்திரி அணைத்துவிடலாம் என்றேன்.

"அதுக்கு இன்னாத்துக்கு மாமு செலவு? எங்க நைனாவோட போட் லைட்டு வூட்ல சும்மா கீது."

முகத்துவாரக்குப்பத்து வீட்டிலிருந்து தூக்கிவந்தான். கடலுக்குள் இறக்கி மீனைக் கூப்பிடும் பச்சை விளக்கு. போன வருடம் படகு கரைக்கு வந்தது. விளக்கும் வந்தது. அவன் அப்பா திருமுருகன் மட்டும் வரவில்லை.

ராப்பகலாக அதை எரியவிட்டான். அறை கடலடி போல ஆனது. மொட்டு அப்படியே இருந்தது.

பிறகு உப்பு வாடை. பிறகு மாடிப்படியில் ஈரம். தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்றேன். தொட்டி காய்ந்து கிடந்தது.

ஈரம் படிப்படியாக மேலே ஏறியது.

ஒரு மத்தியானம் அறையைத் திறந்தேன். விளக்கின் கீழே தரையில் இரண்டு ஈரப் பாதச்சுவடுகள். விரல்கள் விளக்கைப் பார்த்திருந்தன.

பயத்தில் பிளக்கைப் பிடுங்கினேன்.

இருட்டு.

எதுவோ சொட்டியது. என் மூச்சுக்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு. தண்ணீர் குடித்த மூச்சு.

வாசலிலிருந்து வெற்றி கிசுகிசுத்தான். "அபின்... அணைச்சிட்டியா?"

"ஆமாடா."

"தண்ணில ஆளு கீறப்போ போட்ல லைட்ட அணைக்கவே மாட்டாங்கடா. வந்தவரு எப்டி திரும்பிப் போவாரு?"

மறுபடி பிளக்கைச் சொருகினேன்.

விளக்கு எரியவில்லை.

அதற்கப்புறம் வெள்ளை எல்இடி வாங்கினோம். ஆர்க்கிட் பூத்தது. சொன்ன சொல்லுக்காகக் கீர்த்தி வந்தாள்.

"இன்னாடா இது, லைட்டு இங்க கீது, பூ அந்த மூலையப் பாக்குது?"

மூலையில் தரை ஈரமாக இருந்தது. வெற்றி உலர்ந்த துண்டு ஒன்றை அங்கே விரித்தான். மூவரும் டீ குடிக்கக் கிளம்பினோம். பூட்டியது நான். சாவி என் பையில்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது தரையில் துண்டு இல்லை.

முறுக்கிப் பிழிந்து, கொடியில் காயப்போட்டிருந்தது.