ஒப்பீட்டுத் தாடை

முந்நூற்று முப்பத்தாறு மணி நேரமாக நவமணியும் அவள் கணவன் தேவசகாயமும் கன்னத்தில் தாடை ஒட்டோடு இருந்தார்கள். குளிக்கும்போதும் கழற்றவில்லை. நிலவின் தென்முனைக் குடியிருப்பில் அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே உடம்பில் ஏதாவது ஒட்டாதவர்கள்தான் குறைவு.

தாடை ஒட்டு நகத்தளவு இருக்கும். மெல்லும் தசையில் ஓடும் மின்சாரத்தை அளக்கும். மென்றால் திரையில் சீரான மேடுகள் வரும். பேசினால் ஒழுங்கில்லாத சின்ன நெளிவுகள். இரண்டு வேலைக்கும் தாடை ஒன்றுதான் என்பதால், பக்கவாதம் வந்தவருக்கு முதலில் மெல்லுவதைச் சரிசெய்துவிட்டுத்தான் பேச்சுக்குப் போவார்கள்.

தேவசகாயம் சுரங்கத்தில் துளைப்பொறி ஓட்டுபவர். ஒருநாள் கஞ்சி கடைவாயில் வழிந்துகொண்டே இருந்தது. நவமணி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். மூளையில் சிறு அடைப்பு என்றார்கள். பேச்சுப் பயிற்சியாளர் ரெஹானா முதல் வேலையாக அவருடைய குரலியை அணைத்தாள். அதன்பிறகு அவரிடமிருந்து சத்தமே இல்லை.

குரலி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதிக்கும் அரிசியளவுக் கருவி. தலைக்கவசத்துக்குள் வாயசைக்காமல் பேசச் சுரங்கக்காரர்களுக்காக வந்தது. நினைத்ததை அவரவர் குரலிலேயே, கழுத்துப்பட்டியில் இருக்கும் ஒலிபெருக்கி வழியாகச் சொல்லும். பிறகு வீடுகளுக்கும் வந்துவிட்டது. 'ம்', 'சரி', 'சாப்பிட்டாச்சா' போன்றவற்றுக்கு அது நினைப்புக்குக்கூடக் காத்திருக்காது. பழகிய பதிலைத் தானே சொல்லிவிடும். கேட்டால், வீட்டுக்குள் குரலி போடுவதில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

நரம்பைத் துளிர்க்க வைக்கும் ஊசி குடியிருப்பில் ஒன்றுதான் மீதி இருந்தது. அதை யாருக்குப் போடுவது என்று மதிப்பீட்டுப் பொறி முடிவு செய்யும். நோயாளியின் தாடையை, அதே வீட்டில் அதே சாப்பாடு சாப்பிடும் ஆரோக்கியமான ஒருவரின் தாடையோடு ஒப்பிடும். வித்தியாசம் இருந்தால் ஊசி. இல்லாவிட்டால் குரலியைத் திரும்ப முடுக்கி வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு சொந்தப் பேச்சு வராது.

இரண்டு வாரம் முடிந்த அன்று ரெஹானா திரையைத் திருப்பிக் காட்டினாள். தூசிக்காக மூவருமே முகமூடி போட்டிருந்தார்கள்.

"அண்ணன் மெல்லுறது பிரமாதம்க்கா. முறுக்கு குடுத்தாக்கூட நொறுக்கிருவார்."

"முறுக்குக்கு நான் எங்க போவேன்?" என்றாள் நவமணி.

தேவசகாயத்தின் கண்கள் சிரித்தன.

பொறியின் முடிவு திரையில் வந்தது. வித்தியாசம் இல்லை. நோயாளி குணமடைந்தார்.

ரெஹானா இரண்டு முறை படித்தாள். "இதுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? அண்ணன் ஒரு வார்த்தை பேசல. பேச்சு பூஜ்யம். எப்படிக் குணம்?"

விரலைக் கீழே இறக்கி அடுத்த வரிசையைப் பார்த்தாள். நவமணியின் வரிசை. மெல்லும் மேடுகள் மூன்று வேளையும் ஒழுங்காக இருந்தன. பேச்சு பூஜ்யம்.

"உங்க ஒட்டு கழண்டிருச்சாக்கா?"

"ஆமாம்மா. கழண்டிருக்கும். நான் கவனிக்கல."

குரல் இயல்பாக, கொஞ்சம் வருத்தத்தோடுகூட இருந்தது. ஒட்டு அப்போதும் அவள் கன்னத்தில்தான் இருந்தது. திரையில் அவளுடைய கோடு அசையவே இல்லை.

ரெஹானா கோட்டைப் பார்த்தாள். பிறகு முகமூடியைப் பார்த்தாள். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முடிவை நான் மாத்தணும்னா காரணம் எழுதணும்க்கா. குரலி சொல்றதை இந்தப் பொறி ஏத்துக்காது. நீங்க வாயால சொல்லணும்."

தேவசகாயம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவமணி முகமூடியை இறக்கினாள். காதுக்குப் பின்னால் அழுத்திக் குரலியை அணைத்தாள். வாயைத் திறந்தபோது தாடை ஓரத்தில் வலித்தது. கோட்டில் முதல் நெளிவு வந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"நான்... பேசல."

கரகரத்த, மெலிந்த குரல். தேவசகாயம் பழக்கத்தில் அவள் கழுத்துப்பட்டியைப் பார்த்தார். பிறகு வாயைப் பார்த்தார்.

"வீட்ல குரலிதான். அவர்கிட்டயும்."

"இந்த ரெண்டு வாரமா?"

"இல்ல. ரொம்ப நாளா. அவரும் அப்படித்தான்."

ரெஹானா எழுதினாள். அதட்டவில்லை. "சரிக்கா. ஒப்பீடு செல்லாதுன்னு போட்டுட்டேன். ஊசி அண்ணனுக்குத்தான்." நவமணி மூச்சு விட்டாள். "பேச்சு போன நாளை மட்டும் சொல்லுங்க. அதை வச்சுத்தான் மருந்தோட அளவு. தப்பினா நரம்பு கருகிரும். இங்க வந்த அன்னிக்குத்தானே போச்சு?"

நவமணி கணவனைப் பார்த்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவள் கோடு சற்று நேரம் நேராக ஓடியது.

"இங்க வந்தது அன்னிக்கு," என்றாள். "பேச்சு எப்போ போச்சுன்னு எனக்குத் தெரியாது."